பதவி நீங்கிய காழியின் மீதிப் படி
கூடுதலாகப் பெற்ற ஊதியம்: ஃபிக்ஹும் சட்டமும் கடந்து வந்த பாதை

உழைத்தவனுக்குக் கூலி மறுக்கப்பட்ட கதைகளை வரலாறு ஏராளமாகப் பதிந்து வைத்திருக்கிறது. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்னும் நபிமொழியை அறியாத முஸ்லிம் இல்லை. ஆனால் இதற்கு நேர் எதிரான ஒரு கேள்வி உண்டு. கொடுத்தவர் தவறுதலாகவோ முன்கூட்டியோ உரிய அளவுக்கு மேல் கொடுத்துவிட்டார். வாங்கியவர் அதை உண்டு, உடுத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்துச் செலவழித்துவிட்டார். அவர் வேலையை விட்டோ ஓய்வு பெற்றோ சென்ற பின்னர், பழைய முதலாளியிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது: உமக்கு இவ்வளவு தொகை அதிகமாகத் தரப்பட்டுவிட்டது, திருப்பிச் செலுத்துக. இந்தக் கடிதத்துக்கு என்ன பதில்?

சிறிய கேள்விபோல் தோன்றினாலும் இதற்குள் இரண்டு அறங்கள் மோதுகின்றன. பிறர் பொருளை உரிமையின்றி வைத்துக்கொள்ளலாகாது என்பது ஒன்று. ஒருவர் செய்த பிழையின் சுமையை அதில் பங்கில்லாத எளியவர் தலையில் ஏற்றலாகாது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சமன்செய்ய நம் ஃபகீஹுகள் முயன்ற வரலாறும், பின்னாளில் நீதிமன்றங்கள் முயன்ற வரலாறும் ஒருங்கே வைத்துப் படிக்கத் தக்கவை.

ஊதியம் உரிமையான வரலாறு

பொதுப்பணிக்கு ஊதியம் பெறுவது இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கத்திலேயே முறைப்படுத்தப்பட்டது. மக்கா வெற்றிக்குப் பின் அந்நகரின் பொறுப்பை அத்தாப் இப்னு அஸீத் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அவருக்கு நாளொன்றுக்கு ஒரு திர்ஹம் வீதம் படி நிர்ணயித்தார்கள் என்று இப்னு ஹிஷாமின் சீரா நூல் தெரிவிக்கிறது. ஒரு பணிக்கு அமர்த்தப்பட்டு ஊதியமும் நிர்ணயிக்கப்பட்டவர் அதற்கு மேல் எடுப்பது மோசடியாகும் என்னும் கருத்துடைய நபிமொழியை அபூதாவூத் பதிவு செய்துள்ளார்கள். ஊதியம் உரிமையானபோதே அதன் எல்லையும் வரையறுக்கப்பட்டுவிட்டது என்பது இதனால் விளங்கும்.

அந்த எல்லை குறித்து முதற் கலீஃபா அபூபக்ர் (ரலி) கொண்டிருந்த அச்சம் தனித்துக் கூறத் தக்கது. கலீஃபாவான பின்பும் துணி வியாபாரத்துக்காகச் சந்தைக்குப் புறப்பட்ட அவர்களைத் தடுத்து, பைத்துல் மாலிலிருந்து குடும்பத்துக்குப் போதுமான படியைத் தோழர்கள் நிர்ணயித்தனர். ஹிஜ்ரி 13இல் (கி.பி. 634) மரணப் படுக்கையில் இருந்தபோது, ஆட்சிப் பொறுப்பின் காரணமாகத் தம்மிடம் சேர்ந்தவற்றை அடுத்த கலீஃபாவிடம் ஒப்படைக்குமாறு அவர்கள் வஸிய்யத் செய்தார்கள். இப்னு ஸஅதின் தபகாத்தில் வரும் ஓர் அறிவிப்பின்படி, அவ்வாறு உமர் (ரலி) அவர்களிடம் வந்து சேர்ந்தவை ஓர் அடிமை, தண்ணீர் இறைக்கும் ஓர் ஒட்டகம், ஐந்து திர்ஹம் பெறுமான ஒரு பழைய துணி ஆகியவையே. உமர் (ரலி) அழுதார்கள்; தமக்குப் பின் வருவோருக்கு அபூபக்ர் கடினமான முன்மாதிரியை வைத்துச் சென்றுவிட்டார் என்றார்கள். இவற்றைப் போய் அவர் குடும்பத்திடமிருந்து பறிப்பதா, திருப்பிக் கொடுத்துவிடலாமே என்றார்கள் அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி). உமர் (ரலி) இசையவில்லை. இறக்கும் தறுவாயில் அவர் தம்மைவிட்டு நீக்கிய பொருளைத் தாம் மீண்டும் அவர் குடும்பத்தின்மீது ஏற்றுவதில்லை என்பதே அவர்களது நிலைப்பாடு.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகளைப் பிரித்தறிய வேண்டும். அபூபக்ர் (ரலி) திருப்பியளித்தது யாரும் கேட்டு அன்று. அது தக்வா. ஆனால் கேட்டு வாங்கும் உரிமை எவருக்கு, எப்போது உண்டு என்பது சட்டம். முன்னதைப் பின்னதற்கு அளவுகோலாக்கி, எளிய ஊழியர் ஒவ்வொருவரிடமும் சித்தீக்கின் பேணுதலை வற்புறுத்தி வசூலிப்பது நியாயமாகாது. அதனால்தான் பிற்கால ஃபகீஹுகள் இவ்விஷயத்தைத் தனியே ஆராய வேண்டியதாயிற்று.

ஹிதாயாவில் ஒரு மஸ்அலா

ஹனஃபி மத்ஹபின் அரபிக் கல்லூரிகளில் இன்றும் ஓதப்படும் ஹிதாயாவின் ஆசிரியர் இமாம் மர்கீனானி ஹிஜ்ரி 593இல் (கி.பி. 1197) மறைந்தவர். வாரன் ஹேஸ்டிங்ஸின் ஆதரவில் 1791இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, பிரிட்டிஷ் இந்தியாவின் நீதிமன்றங்களில் நெடுங்காலம் எடுத்தாளப்பட்ட நூலும் இதுவே. காழிக்குப் பைத்துல் மாலிலிருந்து படி வழங்குவதைப் பேசும் இடத்தில் அவர் ஒரு நடைமுறைச் சிக்கலை எழுப்புகிறார். கராஜ் வரி ஆண்டின் தொடக்கத்தில் வசூலான காலத்தில் காழியின் ஓராண்டுப் படியும் தொடக்கத்திலேயே கொடுக்கப்படுவது வழக்கமாக இருந்தது. அவ்வாறு முழு ஆண்டுக்கும் பெற்றுக்கொண்ட காழி, ஆண்டு முடியுமுன் பதவி நீக்கப்பட்டால் மீதி மாதங்களுக்கான படியைத் திருப்பித் தர வேண்டுமா?

முன்னாள் முதலாளி, முன்னாள் ஊழியர், உழைக்காத காலத்துக்கும் சேர்த்துப் பெற்ற பணம் என நம் கேள்வியின் கூறுகள் யாவும் இதில் அமைந்துள்ளன. ஃபகீஹுகள் இதை மனைவியின் நஃபகா பற்றிய ஒரு பழைய கருத்து வேறுபாட்டோடு இணைத்துப் பார்த்தனர். கணவன் ஓராண்டுச் செலவை முன்கூட்டியே மனைவியிடம் கொடுத்துவிட்டு இடையில் இறந்துவிட்டால், மீதியைத் திரும்பக் கேட்பதற்கில்லை என்பது இமாம் அபூஹனீஃபா, இமாம் அபூயூசுஃப் ஆகியோரின் கருத்து. கடந்த காலத்துக்கு உரியது அவளுக்கு, எஞ்சியது திரும்ப வேண்டும் என்பது இமாம் முஹம்மதின் கருத்து. இமாம் ஷாஃபிஈயின் கருத்தும் அதுவே. முதலிருவர் அதைக் கொடையின் சாயலுடையதாகக் கண்டனர்: கைப்பற்றப்பட்ட கொடை, மரணத்துக்குப் பின் மீளாது. மற்றவர்களோ அதைக் காலத்துக்கு ஈடானதாகக் கண்டனர்: காலம் கழியவில்லையேல் உரிமையும் பிறக்கவில்லை.

காழியின் விஷயத்திலும் இதே வேறுபாடு உண்டு என்று குறிப்பிட்ட மர்கீனானி, திருப்பித் தருவதே மிகச் சரியான கருத்து என்று முடிக்கிறார். அதே இடத்தில் அவர் கூறும் மற்றொன்றும் நோக்கத் தக்கது. வறிய காழி படி பெறுவது சிறந்தது மட்டுமன்று, அவசியமும்கூட. வயிற்றுப்பாட்டுக்கு அலைபவரால் நீதியை நிலைநாட்ட இயலாது. வசதியுள்ள காழியும் பெற்றுக்கொள்வதே மேல் என்ற கருத்தையும் அவர் எடுத்துரைக்கிறார். அவர் வேண்டாம் என்று விட்டால் அப்பதவி மலிவாக எண்ணப்படும். நாளை அவ்விடத்துக்கு வரும் வறியவருக்கும் படி நின்றுபோகும். ஊதியத்தின் கண்ணியத்தை இவ்வளவு தூரம் பேணிய அதே ஆசிரியர்தாம் உழைக்காத மாதங்களின் படியைத் திருப்பச் சொல்கிறார்.

இமாமின் விளைச்சல் பங்கு

இதோடு முடிந்திருந்தால் விடை எளிது. வக்ஃப் சொத்துகளிலிருந்து ஊதியம் பெறும் இமாம்கள், முஅத்தின்கள், முதர்ரிஸ்கள் விஷயத்தில் ஹனஃபி அறிஞர்கள் வேறொரு முடிவுக்கு வந்தனர். அறுவடைக் காலத்தில் தம் பங்கைப் பெற்றுக்கொண்ட பள்ளிவாசல் இமாம், ஆண்டு நிறைவுறுமுன் பொறுப்பிலிருந்து விலகினால் எஞ்சிய காலத்துக்கான பங்கு அவரிடமிருந்து மீட்கப்படுவதில்லை.

காரணத்தை இப்னு நுஜைம் (மறைவு ஹி. 970 / கி.பி. 1563) போன்றோர் நுட்பமாக விளக்கியுள்ளனர். வக்ஃப் ஊதியத்துக்கு மூன்று சாயல்கள் உண்டு. அது ஒருவகையில் கூலி (உஜ்ரத்). ஆகவே பணிபுரிந்த காலம் கணக்கிடப்படும். செல்வரும் அதைப் பெறலாம். ஒருவகையில் அது கொடை (ஸிலா). ஆகவே கைக்கு வந்தபின் அவர் இறந்தாலோ நீக்கப்பட்டாலோ மீதியைக் கேட்பதற்கில்லை. இன்னொரு வகையில் அது தர்மம் (ஸதகா). வக்ஃபின் அடிப்படையே அதனால்தான் செல்லுபடியாகிறது. ஒரே பணத்துக்கு மூன்று முகங்கள். எந்தக் கேள்விக்கு எந்த முகம் பதில் சொல்ல வேண்டும் என்பதை அவர்கள் தனித்தனியே வகுத்தார்கள்.

பிற்காலத்தில் ஹஸ்கஃபீயின் துர்ருல் முக்தாரும், அதற்கு இப்னு ஆபிதீன் (மறைவு ஹி. 1252 / கி.பி. 1836) எழுதிய விரிவுரையும் இவ்விவாதத்தைத் தொடர்ந்தன. பெறாமல் இறந்துபோன இமாமின் ஊதியம் அவருடைய வாரிசுகளுக்குச் சேருமா என்ற கேள்வியில், அதைக் கொடை என்று கொண்டால் உரிமை அழிந்துவிடும். கூலி என்று கொண்டால் நிலைக்கும். ஆக, ஒரே தத்துவம் சில வேளை ஊழியரைக் காக்கும், சில வேளை அவரைக் கைவிடும். ஊதியத்தைக் கொடை என்று சொல்வது எப்போதும் ஊழியருக்கு அனுகூலமன்று என்பதை நம் பள்ளிவாசல் நிர்வாகங்கள் மனங்கொள்ள வேண்டும்.

பிழையால் கொடுத்த பணம்

மேற்கண்டவை முன்கூட்டிக் கொடுத்தவை பற்றியன. கணக்குப் பிழையால் அதிகம் கொடுத்தது பற்றி என்ன? இதற்கு ஃபிக்ஹின் பொது விதிகளில் ஒன்று நேரே விடையளிக்கிறது: பிழையென்று தெளிவாகிவிட்ட எண்ணத்துக்கு மதிப்பில்லை என்பது அதன் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் சுயூத்தியும் (மறைவு ஹி. 911 / கி.பி. 1505) ஹனஃபி மத்ஹபின் இப்னு நுஜைமும் ‘அல்அஷ்பாஹ் வந்நளாயிர்’ என்னும் ஒரே பெயருடைய தத்தம் நூல்களில் இவ்விதியை விவரிக்கின்றனர். கடன்பட்டிருப்பதாக எண்ணி ஒருவர் பணம் செலுத்துகிறார். அப்படியொரு கடனே இல்லை என்று பின்னர் தெரிகிறது. செலுத்தியதை அவர் திரும்பப் பெறலாம் என்பது இப்னு நுஜைம் காட்டும் உதாரணம். மீளா விவாகரத்துப் பெற்றவள் கருவுற்றிருப்பதாக எண்ணிச் செலவளித்தவர், அவ்வாறில்லை என்று தெரிந்தால் அதை மீட்கலாம் என்பது சுயூத்தி தரும் உதாரணம். தமிழகத்தின் கடலோர ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டில் ஹனஃபிகளும் மிகுந்திருக்கிறார்கள். இவ்விஷயத்தில் இரு சாராருக்கும் அடிப்படை ஒன்றே.

உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்து வெளியிட்ட மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பில் இவ்விதி 72ஆம் பிரிவாக இடம்பெற்றது. நியாயமான காரணமின்றி ஒருவர் பொருளை மற்றவர் எடுத்தலாகாது என்பது அதன் 97ஆம் பிரிவு. இதே காலத்தில் பிரிட்டிஷ் அரசு இயற்றிய 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்திலும், தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று கூறும் பிரிவின் எண் 72 என்பது ஒரு வியத்தகு தற்செயல். பொருள்களைப் பற்றிய தவறு மட்டுமின்றிச் சட்டத்தைப் பற்றிய தவறும் இப்பிரிவில் அடங்கும் என்று பிரிவி கவுன்சில் 1949இல் தீர்ப்பளித்தது. இருவேறு மரபுகள், ஒரே முடிவு: பிழை உரிமையை உண்டாக்காது.

பெற்றவரின் பக்கம்

ஆனால் கொடுத்தவரின் உரிமையை மட்டும் பார்த்தால் நீதி முழுமையாகாது என்பதை 1825இல் இங்கிலாந்தில் முடிவான ஒரு வழக்கு உணர்த்தியது. பீரங்கிப் படையைச் சேர்ந்த ஸ்கைரிங் என்னும் மேஜரின் கணக்கில், அவருக்கு உரித்தில்லாத கூடுதல் படியைச் சம்பளப் பொறுப்பாளர்கள் சில ஆண்டுகள் வரவு வைத்துவந்தனர். அது கூடாது என்ற அறிவிப்பு மேலிடத்திலிருந்து தங்களுக்கு வந்திருந்தும் அவர்கள் அவரிடம் தெரிவிக்கவில்லை. பின்னர் அத்தொகையை அவர்கள் பிடித்துக்கொள்ள முயன்றபோது நீதிமன்றம் மறுத்துவிட்டது. மனிதர் தம் வருவாய் இவ்வளவு என்று நம்பித்தான் வாழ்க்கையை அமைத்துக்கொள்கிறார். நம்ப வைத்தவரே பின்னர் பறித்தால் அவர் கதி என்ன என்பதே தலைமை நீதிபதி அபட்டின் தீர்ப்பில் அடங்கிய நியாயம்.

சுதந்திர இந்தியாவில் இவ்விவாதம் அரசு ஊழியர்களைச் சுற்றியே பெரும்பாலும் நடந்தது. ஊதிய நிர்ணயத்தில் அலுவலகம் பிழை செய்யும். பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தணிக்கையில் அது வெளிப்படும். அதற்குள் ஊழியர் ஓய்வு பெற்றிருப்பார். அவருடைய பணிக்கொடையிலோ ஓய்வூதியத்திலோ பிடித்தம் தொடங்கும். மருந்தாளுநர்கள் தொடர்ந்த ஷியாம் பாபு வர்மா வழக்கில், 1973 முதல் தரப்பட்டு 1984இல் குறைக்கப்பட்ட ஊதியத்தின் கூடுதல் தொகையை வசூலிக்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 1994இல் கூறியது. அதிக ஊதியம் கிடைத்ததில் அவர்கள் குற்றம் ஏதுமில்லை என்பதே காரணம். பீகார் ஆசிரியர்கள் தொடர்பான சையத் அப்துல் காதிர் வழக்கு 2009ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுதியில் இடம்பெற்றது. அதில் நீதிமன்றம் மேலும் தெளிவாகப் பேசியது: இந்தச் சலுகை ஊழியரின் உரிமையால் அன்று, அவர் படும் துன்பத்தைக் கருதியே வழங்கப்படுகிறது. தாம் அதிகம் பெறுவதை அவர் அறிந்திருந்தாலோ, பிழை விரைவிலேயே கண்டுபிடிக்கப்பட்டாலோ வசூலிக்கலாம்.

2012இல் சாண்டி பிரசாத் உனியால் வழக்கில் தராசு மறுபக்கம் சாய்ந்தது. அது வரி செலுத்துவோரின் பணம். கொடுத்த அதிகாரிக்கும் சொந்தமில்லை, பெற்றவருக்கும் சொந்தமில்லை என்றது நீதிமன்றம். பைத்துல் மால் பற்றி நம் முன்னோர் கொண்டிருந்த பார்வையை இது நினைவூட்டும். ஈராண்டுகளுக்குப் பின், 2014 டிசம்பர் 18 அன்று, ரஃபீக் மஸீஹ் வழக்கில் ஒரு சமநிலை எட்டப்பட்டது. ரஃபீக் மஸீஹ் வெள்ளையடிப்பவர் என்பது வழக்கின் தலைப்பிலேயே பதிவாகியிருக்கிறது. வசூலிப்பு கூடாத ஐந்து நிலைகளை அத்தீர்ப்பு வரிசைப்படுத்தியது: கீழ்நிலைப் பிரிவுகளான ‘சி’, ‘டி’ ஊழியர்கள், ஓய்வு பெற்றோரும் ஓராண்டுக்குள் ஓய்வு பெறவிருப்போரும், ஐந்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்த கூடுதல் கொடுப்பு, தவறுதலாக உயர் பதவியின் பணியைச் செய்யவைத்து அதற்குரிய ஊதியம் கொடுத்த நிலை, வசூலித்தால் மிகக் கொடுமையாக முடியும் என்று நீதிமன்றம் கருதும் பிற நிலைகள்.

ஆயினும் இது முழு விடுதலையன்று. அதிகம் பெற்றிருந்தால் திருப்பித் தருவேன் என்று முன்பே எழுதிக் கொடுத்த ஒரு நீதித்துறை அதிகாரியின் வழக்கில் 2016இல் நீதிமன்றம் வசூலிப்பை அனுமதித்தது. எழுதிக் கொடுத்த வாக்கு அவரைக் கட்டுப்படுத்தும். ஆனால் இரண்டாண்டு மாதத் தவணைகளில் வசூலிக்க வேண்டும் என்றது. 1999இல் ஓய்வு பெற்ற கேரள ஆசிரியர் ஒருவரிடம் கேட்கப்பட்ட தொகையையோ 2022இல் அது தள்ளுபடி செய்தது.

இரு தராசுகள்

ஃபிக்ஹையும் இத்தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு புலனாகும். நீதிமன்றம் எளியவரைக் காக்க விரும்பும்போது வசூலிக்கும் உரிமையையே தடுத்து நிறுத்துகிறது. ஃபிக்ஹோ உரிமையை அப்படியே வைத்து, அதைக் கேட்கும் முறையைக் கட்டுப்படுத்துகிறது. கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தருவதும், தர்மமாக விட்டுவிடுவது அதனினும் சிறந்தது என்பதும் அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் தரும் போதனை. அவகாசம் கட்டாயம், விட்டுக்கொடுத்தல் சிறப்பு. நீதிமன்றத் தீர்ப்புக்கும் (களாஅன்) இறைவனுக்கும் அடியானுக்கும் இடையிலான பொறுப்புக்கும் (தியானத்தன்) ஃபகீஹுகள் வகுத்த வேறுபாடும் இங்கே பயன்படுகிறது. சட்டம் கேட்காது என்பதால் மட்டும் மனசாட்சி கேட்காமல் இருந்துவிடாது. வசதியுள்ளவர், தமக்கு உரியதன்று என்று திண்ணமாகத் தெரிந்த பணத்தை ஐந்தாண்டுக் கணக்கைக் காட்டி வைத்துக்கொள்வது பேணுதலுக்கு உகந்ததன்று.

அதே அளவு அழுத்தமாகக் கூற வேண்டிய மறுபக்கம் உண்டு. கடிதம் வந்துவிட்டது என்பதாலேயே கடன் நிரூபணமாகிவிடாது. உரிமை கோருபவரே ஆதாரம் காட்ட வேண்டும் என்பது நம் நீதி மரபின் முதற்பாடம். ஆகவே அத்தகைய கடிதம் பெற்றவர் அஞ்சவும் வேண்டாம், அலட்சியம் செய்யவும் வேண்டாம். எந்த மாதத்தில், எந்த இனத்தில், எவ்வளவு அதிகம் என்ற கணக்கை எழுத்தில் கேட்பது அவருடைய உரிமை. அதைத் தம்மிடமுள்ள சம்பளச் சீட்டுகளோடும் வங்கிக் கணக்கோடும் ஒப்பிட வேண்டும். பிடித்தம் செய்யப்பட்டு வருங்கால வைப்பு நிதிக்கும் வரிக்கும் சென்ற தொகை தம் கைக்கு வரவே இல்லை என்பதையும், விடுப்புச் சம்பளம், பணிக்கொடை என முதலாளி தமக்குத் தர வேண்டியது நிலுவையில் உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். பணியமர்வின்போது தாம் எழுதிக் கொடுத்த உறுதிமொழி ஏதேனும் உண்டா என்பதை அறிய வேண்டும். பிழை உண்மையானால், தம் நிலைக்கேற்ற தவணையைக் கோருவதில் இழிவில்லை. முடிவை எழுத்தில் பெற்றுக்கொள்வதும் அவசியம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அதே அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பணிக்கிறதன்றோ!

முன்னாள் முதலாளிக்கும் ஒரு வரம்பு உண்டு. பணியில் இருப்பவரின் சம்பளத்தில் கூடுதல் கொடுப்பை ஈடுகட்டப் பிடித்தம் செய்வதை 1936ஆம் ஆண்டு ஊதிய வழங்கல் சட்டம் அனுமதித்தது. பிடித்தங்கள் மொத்தத்துக்கும் பொதுவாகச் சம்பளத்தில் பாதி என்ற உச்சவரம்பையும் அது வைத்தது. விலகிச் சென்றவரிடமோ பிடிப்பதற்குச் சம்பளமே இல்லை. அங்கே எஞ்சியிருப்பவை இரண்டுதாம்: பேச்சுவார்த்தை, அல்லது வழக்கு. ரஃபீக் மஸீஹ் தீர்ப்பின் ஐந்து நிலைகளும் அரசு ஊழியர்களின் வழக்குகளில் உருவானவை. தனியார் நிறுவனத்தில் பணியாற்றியவர் அவற்றை அப்படியே தமக்கு அரணாகக் கருதிவிட இயலாது. அவருக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவும் தம் நியமனக் கடிதமுமே முதன்மையானவை.

நம் மதரஸாக்களும் பள்ளிவாசல்களும் அறக்கட்டளைகளும் இன்று முதலாளிகளாக இருக்கின்றன. விலகிச் செல்லும் இமாமிடமும் ஆசிரியரிடமும் முன்பணக் கணக்கைக் கேட்கும் நிலை அவற்றுக்கும் நேர்கிறது. அப்போது ஹிதாயாவின் தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டு இப்னு நுஜைமின் விளக்கத்தை மறந்துவிடலாகாது. கொடுத்தது கூலியா, கொடையா, முன்பணமா என்பதைக் கொடுக்கும் அன்றே எழுதி வைத்துவிட்டால், பிரியும் அன்று பகையின்றிப் பிரியலாம். பைத்துல் மாலின் ஒரு திர்ஹமும் வீணாகாது காத்த உமர் (ரலி) அவர்களும், அந்தப் பழைய துணியையாவது குடும்பத்திடம் விட்டுவிடலாமே என்று இரங்கிய அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் ஒரே சபையில்தான் அமர்ந்திருந்தார்கள். கணக்குக் கேட்கும் சபையில் இருவர் குரலும் ஒலிக்க வேண்டும்.